ஃபெர்மியிடம் படித்தவர்கள் எதைப் பெற்றுக்கொண்டு போனார்கள்?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்திவருகிறேன். சென்ற வாரம், எலக்ட்ரான் போன்ற துகள்கள் ஆற்றல் நிலைகளில் எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்லும் ஃபெர்மி–டிராக் புள்ளியியலை முடித்த கையோடு, பாடத்துக்குச் சற்று வெளியே சென்று, என்ரிக்கோ ஃபெர்மியின் வாழ்க்கையைப் பற்றிச் சிறிது நேரம் பேசினேன். 1901-இல் ரோமில் பிறந்த அவர், 1938-இல் நோபல் பரிசு பெறச் சுவீடன் சென்றபோது, யூதக் குடும்பத்தில் பிறந்த தம் மனைவி லாராவை இத்தாலியின் புதிய இனச் சட்டங்களிலிருந்து காக்க வேண்டி, நாடு திரும்பாமல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியதையும், 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் உலகின் முதல் அணு உலையை இயக்கியதையும், 1954 நவம்பரில் 53 வயதிலேயே புற்றுநோயால் மறைந்ததையும் சொன்னேன்.

பிறகு, அவரிடம் படித்தவர்களிலும் அவரருகில் இருந்து பணியாற்றியவர்களிலும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். சங்-டாவ் லீ, சென் நிங் யாங், எமிலியோ செக்ரே, ஓவன் சேம்பர்லின், மரியா கெப்பர்ட் மேயர், ஜேம்ஸ் குரோனின், நம் சந்திரசேகர், ஜாக் ஸ்டைன்பெர்கர், ஜெரோம் ஃபிரீட்மன் என்று பட்டியல் நீண்டது. அப்போது ஒரு மாணவி எழுந்து, இவர்களெல்லாம் ஃபெர்மி கற்பித்ததால் உயர்ந்தார்களா, அல்லது உயரக்கூடியவர்கள் ஃபெர்மியைத் தேடி வந்தார்களா என்று கேட்டார். பதில் சொல்ல முயன்றேன். ஆனால் எனக்கே நிறைவளிக்கும் பதிலாக அது அமையவில்லை. ஓர் இயற்பியலாளர் தம் சமன்பாடுகளை விட்டுச் செல்வதை நாம் அறிவோம். தம்மையே பிறரிடம் விட்டுச் செல்வதென்றால் அது எதுவாக இருக்கும்? ஃபெர்மியைப் பற்றி ஆழ்ந்து படித்தவர்கள் இங்கே இருப்பதை அறிவேன். விளக்க வேண்டுகிறேன்.

பொன்னி:

ஐயா, வணக்கம். அணுக்கரு ஆய்விலிருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னைப் பொறுத்தவரை, ஃபெர்மி தம் மாணவர்களுக்குக் கொடுத்தது ஒரு கொள்கையுமன்று, ஒரு சிந்தனைப் பள்ளியுமன்று. எதையும் தானே கணக்கிட்டுப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்கிற பழக்கத்தைத்தான் அவர் கொடுத்தார். கேட்பதற்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அதை எப்படிக் கொடுத்தார் என்பதைக் கவனித்தால் அதன் அருமை புரியும்.

லீ பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சிகாகோவில் அவர் ஃபெர்மியின் நெறியாள்கையில் எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீன்களைப் பற்றி ஆய்வேடு எழுதிவந்தார். வாரந்தோறும் இருவரும் தனியே அமர்ந்து உரையாடுவது வழக்கம். ஒருநாள் ஃபெர்மி, சூரியனின் நடுவில் வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டார். ஏறக்குறைய ஒரு கோடி டிகிரி என்று லீ பதில் சொன்னார். எப்படித் தெரியும் என்றார் ஃபெர்மி. நூல்களிலும் கட்டுரைகளிலும் பார்த்ததாக லீ சொன்னார். நீயாகக் கணக்கிட்டுச் சரிபார்த்தாயா என்பது அடுத்த கேள்வி. சமன்பாடுகள் சிக்கலானவை, எளிதில் போட்டுப் பார்க்க இயலாது என்று லீ தயங்கினார். பிறர் போட்ட கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று சொன்னதோடு ஃபெர்மி நின்றுவிடவில்லை. அந்தக் கணக்குக்கென்றே தனியாக ஒரு ஸ்லைடு ரூல் (நகரும் அளவுகோலால் கணக்குப் போடும் கருவி) செய்யலாம் என்று யோசனை சொல்லி, ஆறடிக்கும் மேல் நீளமுள்ள மரச்சட்டத்தில் மாணவரோடு சேர்ந்து அதைச் செய்தும் முடித்தார். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர், வேலைகள் குவிந்து கிடக்கும் காலத்தில், ஒரே ஒரு மாணவரின் ஒரே ஒரு ஐயத்துக்காக மரச்சட்டத்தில் கோடுகள் இழைத்திருக்கிறார். அந்த மாணவர் தம் வாழ்நாளில் இனி எந்த எண்ணையும் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்வாரா?

ஸ்டைன்பெர்கரின் அனுபவம் வேறு வகையானது. அவர் கோட்பாட்டியலாளராக விரும்பியவர். ஆனால் ஆய்வுக்குத் தக்க கோட்பாட்டுச் சிக்கல் எதுவும் அவருக்கு அகப்படவில்லை. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களில் காணப்படும் மியூவான்கள் என்னும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள்களைப் பற்றிய ஒரு சோதனையில் எதிர்பார்த்த எண்ணிக்கை கிடைக்காததை ஆராயும்படி ஃபெர்மி அவரிடம் சொன்னார். சிதைவில் வெளிப்படும் எலக்ட்ரானின் ஆற்றல் நாம் நினைப்பதைவிடக் குறைவோ என்ற ஐயம் ஸ்டைன்பெர்கருக்கு எழுந்தது. அதை யாரும் சோதிக்க முன்வராதபோது, கோட்பாட்டுக்காகக் காத்திருப்பதைவிட நீயே அந்தச் சோதனையைச் செய்துவிடேன் என்றார் ஃபெர்மி. ஓராண்டுக்குள், 1948-இல், சோதனை முடிந்தது. மியூவான் சிதையும்போது இரண்டல்ல, மூன்று துகள்கள் வெளிப்படுகின்றன என்பதை அது காட்டியது. கோட்பாட்டியலாளராக வர நினைத்தவர் சோதனை இயற்பியலில் ஊன்றி, 1988-இல் நோபல் பரிசு பெற்றார். மாணவரின் விருப்பத்தைக் காட்டிலும் அவருடைய கை எதற்கு ஏற்றது என்பதை ஃபெர்மி கண்டுகொண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

1945-இல் பாலைவனத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனையின்போது அவர் காகிதத் துண்டுகளைப் பறக்கவிட்டு வெடிப்பின் வலிமையை மதிப்பிட்ட கதையைப் பலரும் அறிவார்கள், அதை விட்டுவிடுகிறேன். கேள்விக்கு விடை தருவது வியப்பூட்டும் அந்தக் காட்சியன்று, வாரந்தோறும் நடந்த அந்தச் சிறு உரையாடல்கள்தாம்.

தராசு:

பொன்னி அம்மா எழுதியவை அனைத்தும் உண்மை. ஆயினும் அந்த மாணவியின் ஐயத்தை நாம் அவ்வளவு எளிதாகக் கடந்துவிடக் கூடாது என்று கருதுகிறேன்.

போர் முடிந்த காலத்துச் சிகாகோவை நினைத்துப் பாருங்கள். சேம்பர்லினைப் போன்றவர்கள் அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய அனுபவத்தோடு வகுப்பறைக்கு வந்தவர்கள். யாங் சீனத்தின் குன்மிங் நகரில், போரால் இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தில், சிறந்த ஆசிரியர்களிடம் புள்ளியியல் இயக்கவியலையும் சமச்சீர்மைக் கோட்பாட்டையும் கற்றுத் தேர்ந்த பின்பே கப்பலேறினார். லீயை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர் குன்மிங் ஆசிரியர்களில் ஒருவரான இயற்பியலாளர் வூ டா-யூ. இளங்கலைப் பட்டம் முடிக்காமலிருந்த லீயைச் சேர்த்துக்கொள்ளும் நெகிழ்வு சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு இருந்தது. அந்த வாயில் திறந்திராவிட்டால் ஸ்லைடு ரூல் கதையே இல்லை. ஃபெர்மி அங்கே தனியாகவும் இல்லை. டெல்லர், மேயர், ஃபிராங்க், யூரி ஆகிய பெயர்பெற்ற அறிவியலாளர்களும் இருந்தார்கள். யாங்கின் முனைவர் பட்டத்துக்கு நெறியாளராக இருந்தவர் டெல்லர்தான். ஃபெர்மியிடம் சோதனை இயற்பியல் செய்யவே யாங் வந்தார். ஆனால் ஃபெர்மியின் ஆய்வுகள் நடந்த ஆர்கான் என்னும் அணு ஆய்வுக்கூடத்துக்குள் வெளிநாட்டவரான அவர் நுழைய முடியவில்லை.

இத்தனை நல்விதைகள் ஒரே நிலத்தில் ஒரே பருவத்தில் விழுந்திருக்கும்போது, விளைச்சல் முழுவதையும் ஒரே உழவரின் கணக்கில் எழுதுவது மற்றவர்களுக்கு நாம் செய்யும் அநீதியாகும். ஃபெர்மியின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. குன்மிங்கில் குண்டுவீச்சுக்கு நடுவே பாடம் நடத்திய ஆசிரியர்களின் பெயர்கள் எந்தக் கரும்பலகையிலும் எழுதப்படுவதில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வடதிசை:

தராசு ஐயாவின் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், நல்ல மாணவர்கள் தாமே வந்து குவிந்தார்கள் என்பது சிகாகோவுக்குப் பொருந்தினாலும் ரோமுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

1926-இல், 25 வயதில், ஃபெர்மி ரோமில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியரானார். அந்தப் பதவியை உருவாக்க முன்னின்றவர் ஆய்வகத் தலைவர் கோர்பினோ. அப்போது இத்தாலியில் இயற்பியலை நாடி வருவோர் மிகக் குறைவு. கோர்பினோ பொறியியல் மாணவர்களிடமே சென்று, திறமையுள்ளவர்கள் இயற்பியலுக்கு மாறி வரும்படி வேண்டினார். செக்ரே, அமால்டி, மயோரானா ஆகியோர் அவ்வாறு பொறியியலிலிருந்து வந்தவர்கள். பானிஸ்பெர்னா தெருவிலிருந்த அந்த ஆய்வகத்தில் பிற்பகல்களில் ஃபெர்மியின் அறையில் கூடுவார்கள். முன்கூட்டித் தயாரித்த பாடம் எதுவும் கிடையாது. யாரேனும் ஒரு கேள்வி கேட்பார்கள். ஃபெர்மி அதைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டே பேசுவார். விடை முன்பே தெரிந்தவரைப் போலன்றி, தேடிக்கொண்டிருப்பவரைப் போலச் சிந்தனையின் ஒவ்வொரு படியையும் அவர்கள் கண்முன்னே வைத்தார். இதே வழக்கத்தை அவர் இருபதாண்டுகளுக்குப் பின் சிகாகோவில் மாலை வேளைகளில் தொடர்ந்தார் என்பதைக் கவனியுங்கள். அவருடைய குரலின் ஏற்ற இறக்கம்கூடக் குழுவினரிடம் தொற்றிக்கொண்டதாக லாரா எழுதியிருக்கிறார். அந்தக் குழு அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர் ‘போப்பாண்டவர்’.

விளைவு என்ன? 1934 அக்டோபரில் பாரஃபின் மெழுகு நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்து அவற்றின் ஆற்றலை மாற்றிக் காட்டியபோது, அந்தச் சிறு குழு உலகின் முன்னணிக்கு வந்தது. நான்கு ஆண்டுகளில் இனச் சட்டங்கள் அதைச் சிதறடித்தன. அமால்டி மட்டும் ரோமிலேயே தங்கி, போருக்குப் பிறகு இத்தாலிய இயற்பியலை மீட்டெடுத்தார். ஐரோப்பிய நாடுகள் கூடி செர்ன் ஆய்வகத்தை அமைத்தபோது அதன் தொடக்கக் காலப் பொதுச்செயலாளராகவும் இருந்தார். செக்ரே பெர்க்லிக்குப் போனார். 1955-இல் அங்கே எதிர்ப்புரோட்டானை (புரோட்டானின் அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்ட துகளை) கண்டுபிடித்த குழுவில் செக்ரேயும் சேம்பர்லினும் சேர்ந்திருந்தார்கள். ரோமில் ஃபெர்மியிடம் பயின்றவரும் சிகாகோவில் ஃபெர்மியிடம் பயின்றவரும், ஆசிரியர் மறைந்த மறு ஆண்டில், ஒரே மேசையில் அமர்ந்து அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். இதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

மாணவரே அல்லாதவர்களிடத்திலும் அவருடைய ஒரு சொல் வேலை செய்திருக்கிறது. மரியா மேயர் சில அணுக்கருக்கள் மட்டும் ஏன் தனி நிலைப்புத்தன்மை கொண்டிருக்கின்றன, அவற்றின் புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கையாக அமையும் 50, 82, 126 போன்ற ‘மாய எண்கள்’ எங்கிருந்து வருகின்றன என்று நெடுநாள் மோதிக்கொண்டிருந்தார். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஃபெர்மி, அணுக்கருவிலுள்ள துகளின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் இடையே பிணைப்பு இருப்பதற்கு ஏதேனும் அறிகுறி உண்டா என்று கேட்டார். மேயருக்கு விடை அந்தக் கணமே தெளிந்தது. 1949-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, அந்தக் கேள்வியே தன் தோற்றுவாய் என்று ஃபெர்மிக்கு நன்றி கூறுகிறது. அந்தக் கேள்வியைப் பயன்படுத்திக்கொள்ளும் தகுதி மேயருக்குப் பல ஆண்டு உழைப்பால் வந்தது. ஆகவே தராசு ஐயா சொல்வதும் உண்மை, பொன்னி அம்மா சொல்வதும் உண்மை.

பொன்னி:

வடதிசை அவர்கள் சொன்னதோடு ஃபிரீமன் டைசனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1953-இல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டைசன், தம் மாணவர்களோடு உழைத்துப் பெற்ற கணக்கீடுகளை எடுத்துக்கொண்டு ஃபெர்மியைக் காணச் சென்றார். மேசான்கள் என்னும் நுண்துகள்கள் புரோட்டான்களில் மோதிச் சிதறுவதைப் பற்றிய அந்தக் கணக்கு, ஃபெர்மி அளந்த எண்களோடு நன்றாகவே ஒத்துப்போனது. ஃபெர்மி வரைபடங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தெளிவான பௌதிகச் சித்திரமும் இதில் இல்லை, முரணற்ற கணித அமைப்பும் இதில் இல்லை என்று அமைதியாகச் சொன்னார். கணக்கில் விருப்பம்போல் வைத்துக்கொண்ட மாறிலிகள் எத்தனை என்று கேட்டார். நான்கு என்றார் டைசன். நான்கு மாறிலிகள் இருந்தால் யானையையே வரைந்துவிடலாம், ஐந்தாவதைக் கொண்டு அதன் துதிக்கையை ஆட்டவும் செய்யலாம் என்று தம் நண்பரான கணிதவியலாளர் வான் நாய்மன் சொல்வதுண்டு என்பது ஃபெர்மியின் மறுமொழி. பல ஆண்டுகள் முட்டுச்சந்தில் அலையாமல் அந்தச் சில நிமிடங்கள் தம்மையும் தம் மாணவர்களையும் காப்பாற்றின என்று டைசன் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார். மனம் நோகச் சொல்லப்பட்ட ஒன்றை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நன்றியோடு ஒருவர் நினைக்கிறார் என்றால், சொன்னவரிடம் பகையோ தற்பெருமையோ இருந்திருக்க முடியாது.

மயிலை வானியல்:

சந்திரசேகரின் பெயர் பட்டியலில் வந்ததால் இதை எழுதுகிறேன். அவர் ஃபெர்மியின் மாணவர் அல்லர், உடன் பணியாற்றியவர். ஆனால் ஃபெர்மியின் கை அவரைத் தொட்டது சிகாகோவில் தொடங்கவில்லை, சென்னையில் தொடங்கியது.

1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சொமர்ஃபெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த சந்திரசேகருக்குப் பதினெட்டு வயது நிரம்புவதற்குச் சில நாள் முன்பின்னாக இருக்கும். சொமர்ஃபெல்டின் நூலைத் தாமாகவே கற்றிருந்த துணிவில், அவர் தங்கியிருந்த இடத்துக்கே சென்று சந்தித்தார். அந்த நூல் பழையதாகிவிட்டது, இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டது என்று சொன்ன சொமர்ஃபெல்டு, ஃபெர்மியும் டிராக்கும் வகுத்த புதிய புள்ளியியலை உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களுக்குப் பொருத்தித் தாம் எழுதியிருந்த, இன்னும் அச்சேறாத கட்டுரையை இளைஞரிடம் கொடுத்தார். அதைப் படித்து முடித்த சில மாதங்களில், அந்தப் புதிய புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலில் (எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் மோதிச் சிதறுவதில்) கையாண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயிற்று. வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று அவர் பின்னர் கண்டதும் அதே புள்ளியியலின் மேல்தான்.

1950-களின் தொடக்கத்தில் இருவரும் சிகாகோவில் முறையாகச் சந்தித்து வானியல் சிக்கல்களைப் பேசினார்கள். அதன் பயனாக 1953-இல் வந்த கட்டுரைகளில் ஒன்று, பால்வீதியின் சுருள் கரங்களில் உள்ள காந்தப்புலத்தை விண்மீன் ஒளியின் முனைவாக்கத்திலிருந்து (ஒளியலைகள் ஒரே திசையில் அதிர்வதிலிருந்து) மதிப்பிடும் வழியைத் தந்தது. அந்த முறை இருவர் பெயரையும் தாங்கி இன்றும் ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது.

அந்த உரையாடல்களில் ஒன்றில்தான், தம் மிக முக்கியமான கண்டுபிடிப்பு எப்படி நிகழ்ந்தது என்பதை ஃபெர்மி சந்திரசேகரிடம் சொன்னார். நியூட்ரான்களின் பாதையில் வைப்பதற்காக ஈயத்துண்டு ஒன்றை மிகுந்த கவனத்தோடு கடைந்து வைத்திருந்தாராம். ஆனால் ஏதோ ஒரு தயக்கத்தால் அதை வைப்பதைத் தள்ளிக்கொண்டே போய், முன்யோசனை ஏதுமின்றி, எனக்கு ஈயம் வேண்டாம், பாரஃபின் வேண்டும் என்று சொல்லி அதை எடுத்து வைத்தாராம். எதையும் கணக்கிட்டே ஏற்றவர் தம் உள்ளுணர்வின் புதிரை மறைக்காமல் சொல்லி, அதைச் சந்திரசேகர் உலகுக்குப் பதிவு செய்தார். 1954-இல் மருத்துவமனையில் ஃபெர்மியைக் காணச் சென்று, என்ன பேசுவதென்று தெரியாமல் நின்ற சந்திரசேகரிடம், அடுத்த பிறவியில் நான் யானையாகப் பிறப்பேனா என்று கேட்டு அவரது தவிப்பைப் போக்கினார் ஃபெர்மி. எப்படிக் கணக்கிடுவது என்பதோடு எப்படி விடைபெறுவது என்பதையும் அருகிலிருந்தவர்கள் அவரிடம் கண்டார்கள்.

மின்பணி ஓய்வாளன்:

நான் இயற்பியல் படித்தவன் அல்லன்; மின்துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன். நோபல் பட்டியலில் இல்லாத ஒருவரைக் குறிப்பிட விரும்புகிறேன். ஆர்தர் ரோசன்ஃபெல்டு சிகாகோவில் ஃபெர்மியிடம் முனைவர் பட்டம் பெற்றவர். ஆசிரியரின் அணுக்கரு இயற்பியல் விரிவுரைகளைத் தொகுத்து நூலாக்கிய மூவரில் ஒருவர். பெர்க்லியில் துகள் இயற்பியலாளராக இருந்தவர், 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வார இறுதி முழுவதும் தம் அறை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் எவ்வளவு எரிபொருள் வீணாகும் என்று கணக்கிட்டார். உடனே எழுந்து அந்தத் தளத்தில் இருந்த மற்ற அறைகளின் விளக்குகளையும் அணைக்கப் போனார். அலமாரிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் மறைந்து கிடந்த சுவிட்சுகளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த இரவுக்குப் பிறகு அவர் ஆற்றல் சிக்கனத்தையே தம் துறையாக்கிக்கொண்டு, கலிஃபோர்னியாவில் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் கட்டடங்களுக்கும் விதிகள் அமையக் காரணமானார். 1973-இல் ஒரு விளக்கைப் பார்த்து அவர் போட்ட கணக்கு, பொன்னி அம்மா சொன்ன அந்த மரச்சட்டக் கணக்கின் உடன்பிறப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. துறை மாறியபோதும் பழக்கம் கூடவே போயிருக்கிறது.

வைகைக்கரை:

விரிவாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தராசு ஐயா, குன்மிங் ஆசிரியர்களைப் பற்றித் தாங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். வூ டா-யூவின் பெயர் இப்போது எங்கள் கரும்பலகையில் இருக்கிறது.

பிறகு ஸ்லைடு ரூல் நிகழ்ச்சியைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அதே மாணவி எழுந்து, நீங்கள் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா ஐயா என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சூரியனின் நடு வெப்பநிலை ஒன்றரைக் கோடி கெல்வின் என்று நடத்திவருகிறேன். ஒருமுறைகூட நானாகப் போட்டுப் பார்த்ததில்லை. அதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டு சுண்ணக்கட்டியை எடுத்தேன்.

ஃபெர்மி செய்ததைப் போன்ற முழுக் கணக்குக்கு எனக்குத் துணிவில்லை. தோராயமாக மட்டும் முயன்றேன். சூரியனின் ஈர்ப்பில் ஒரு புரோட்டானுக்கு உள்ள ஆற்றலை அதன் வெப்ப ஆற்றலுக்குச் சமமாக வைத்தேன். ஈர்ப்பு மாறிலியைச் சூரியனின் நிறையாலும் புரோட்டானின் நிறையாலும் பெருக்கி, சூரியனின் ஆரமான 7 லட்சம் கிலோமீட்டரால் வகுத்து, போல்ட்ஸ்மன் மாறிலியாலும் வகுத்தபோது, 2.3 கோடி கெல்வின் வந்தது. தோராய அளவில் சரிதான், ஆனால் சற்று அதிகம் என்று சொல்லி நிறுத்தினேன். கடைசி வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவர், அங்கே ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிட்டிருக்குமே, பிரிந்த எலக்ட்ரானும் அழுத்தத்தில் பங்கு கொள்ளுமே, அப்படியானால் ஒரு துகளுக்குரிய சராசரி நிறை பாதியாகாதா என்று கேட்டார். பாதியாக்கினால் 1.15 கோடி. உண்மையான மதிப்பு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஹீலியத்தையும் சேர்த்தால் எவ்வளவு வரும் என்று அவர்களே இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.